கரண்ட் நிலைக்காத ஊரில் அப்பாவுக்கு சிபாப், டாக்டர் ரங்கூனில்: எப்படித் தொடங்குவது?

வள்ளி, மோல்மேன்

எல்லோருக்கும் வணக்கம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற அப்பாவுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற சிபாப் இயந்திரம் வைப்பது பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. இங்கே பர்மாவில், மோல்மேன் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். குறட்டை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை, நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் இந்த ஒரு வருஷமாக அது நடுவில் நின்றுபோகிறது. நின்றதும் அம்மா விழித்து எழுந்து உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறார். இருபது வரும், சில நேரம் முப்பதும் வரும். அப்புறம் ஆற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி அப்பா ஒரு பெரிய மூச்சை இழுத்து, புரண்டு படுத்து, மறுபடி குறட்டை. விடியும் வரை இதேதான். பகலில் கல்லாவிலேயே தூங்கிவிடுகிறார். போன மாதம் ஒரு பர்மாக்கார அம்மாவுக்கு ஒரு வீசை துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டில் பாதி விழுந்ததும் கண் சொருகி, மீதிப் பருப்பெல்லாம் தரையில். அன்றைக்கே மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

ரங்கூனில் ஒரு டாக்டரை வீடியோவில் பார்த்தோம். இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். இப்போதுள்ள நிலைமையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போய்வர முடியாது. அவர்களே சோதனைக் கருவியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் ஒரு பெல்ட். ஒரு ராத்திரி கட்டிப் படுத்தார், மறுநாள் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினோம். மணிக்கு 41 தடவை மூச்சு தடைப்படுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற ஆட்டோ சிபாப்பை வீட்டிலேயே தொடங்கலாம், வாரம் ஒரு முறை வீடியோவில் பேசலாம் என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை இயந்திரம் வந்துவிடும்.

எனக்கு இருக்கிற பயம் இதுதான். எங்கள் தெருவில் நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது, சில ராத்திரி சுத்தமாக வராது. நடுத்தூக்கத்தில் நின்றுபோனால் முகமூடிக்குள் அப்பாவுக்கு மூச்சு முட்டிவிடுமோ என்று அம்மா அழுகிறார். முகமூடியைச் சரியாக மாட்டிக் காட்ட இங்கே ஆள் இல்லை. நெட்டும் வரும், போகும். தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டில் இருக்கிற சித்தப்பா, அங்கே ஒருவர் பழைய இயந்திரத்தைப் பாதி விலைக்குத் தருகிறார், அதையே எடுத்துக்கொள்ளலாமே என்கிறார். அப்பாவோ, குழாய் மாட்டிக்கொண்டு படுக்க நான் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறேன் என்று கேட்கிறார். இப்படித் தூரத்து டாக்டரை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


முத்து, ரங்கூன்

வள்ளிம்மா, உன் அம்மா உட்கார்ந்து எண்ணுகிறார் என்று படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன். என் வீட்டில் என் மனைவி எண்ணினாள். அவள் எண்ணியது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருஷம் அவளும் சரியாகத் தூங்கவில்லை என்பது, நான் நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான் உளுந்து, பயறு தரகு செய்கிறவன், வயது 54. 2022 மழைக்காலத்தில் தொடங்கினேன். டாக்டர் இதே ஊர்தான், ஆனால் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் போனில், வைபர் செயலியில். எனக்கு மணிக்கு 52 தடவை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வைத்தியம் தேறுவதும் தேறாமல் போவதும் முதல் இரண்டு வாரத்தில்தான். எனக்குத் தெரிந்து மூன்று பேர் இயந்திரம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. நாலாவது ராத்திரி கழற்றி வைத்தவர்கள், ஏன் கழற்றினோம் என்று யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. நேரில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு நர்ஸ் முகத்தைத் தொட்டுப் பார்த்துப் பட்டையைச் சரி செய்வார். உங்கள் வீட்டில் அந்த வேலை உன்னுடையது. டாக்டருக்கு அங்கிருந்து கண் இருக்கிறது, கை இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். முதல் ராத்திரி நாற்பது நிமிஷம் தாங்கினேன். இரண்டாவது நாள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்றாவது நாள் தூக்கத்திலேயே பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டிருக்கிறேன், எனக்கு நினைவே இல்லை. மூச்சு முட்டுகிறது, காற்று அதிகமாக அடிக்கிறது, எனக்கு வேண்டாம் என்று டாக்டருக்கு எழுதினேன். அவர் ராத்திரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் காற்று அதிகமில்லை, குறைவாக இருக்கிறது என்றார். தூங்கும் வரை மெதுவாக ஏறட்டும் என்று காற்றழுத்தத்தை 4-ல் தொடங்கும்படி வைத்திருந்தார்கள். என் உடம்புக்கு அந்த 4 போதவில்லை, அதனால்தான் முட்டியது. தொடக்கத்தை 7 ஆக்கினார். அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். இதை நானாக ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அதனால் அப்பா முட்டுகிறது என்றால் அதை மட்டும் எழுதி அனுப்பாதே. எப்போது முட்டியது, போட்டதுமா, நடு ராத்திரியிலா, மூக்கு அடைத்திருந்ததா, வாய் திறந்திருந்ததா, எல்லாம் கேட்டு எழுது.

முகமூடி விஷயம். வரும்போது பெட்டியில் அளவுத் தாள் ஒன்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள், இல்லாவிட்டால் சாதாரண ஸ்கேல் போதும். அப்பாவின் மூக்கு அகலத்தை, இரண்டு நாசித் துவாரத்தின் வெளிப்புறத்திலிருந்து அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பு. நான் செய்த தப்பு, உட்கார்ந்தபடி கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தது. உட்காரும்போது ஒரு முகம், படுக்கும்போது வேறு முகம். கன்னம் பக்கவாட்டில் சரிந்துவிடும். படுக்க வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வரும்போதே பட்டையைச் சரிசெய்ய வேண்டும். என் மனைவி டார்ச் அடித்துக்கொண்டு, புறங்கையை மூக்குத் தண்டுக்குப் பக்கத்தில், கண்ணோரத்தில், மேலுதட்டில் கொண்டுபோய்க் காற்று கசிகிறதா என்று பார்த்தாள். கண்ணோரத்தில் சில்லென்று அடித்தது. நான் இறுக்கு இறுக்கு என்றேன். இறுக்க இறுக்க அதிகமாகக் கசிந்தது. அவள் பட்டையை இரண்டு விரல் போகிற அளவு தளர்த்தி, முகமூடியை ஒரு தடவை முகத்திலிருந்து தூக்கி, மறுபடி மெதுவாக உட்கார வைத்தாள். உள்ளே இருக்கிற மெல்லிய சிலிக்கான் மடல் காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டிக்கொண்டது, கசிவு நின்றது. அதற்குத் தேவை இடம்தான். இறுக்கினால் மடல் நசுங்கிப்போகும்.

இன்னொன்று, நம் ஊரில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் குளித்துவிட்டு, மரப்பட்டையை அரைத்த தனாக்காவை முகத்தில் பூசுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் படுக்கும் முன் நன்றாகக் கழுவச் சொல். அந்த மாவுப் படலத்தின் மேல் சிலிக்கான் வழுக்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தாலும் பின்னந்தலைப் பட்டை நழுவிக் கழுத்துக்கு இறங்கிவிடும். எண்ணெய்க் குளியலைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நெட் பற்றிக் கவலைப்படாதே. இயந்திரம் தானாகவே மொபைல் வழியாகக் கணக்கு அனுப்பும் என்பார்கள், என்னுடையது இங்கே அனுப்பவில்லை. ஆனால் காலையில் திரையில் மூன்று விஷயம் வரும்: எத்தனை மணி நேரம் போட்டார், முகமூடி ஒட்டியிருந்ததா, மணிக்கு எத்தனை தடை. ரெஸ்மெட் கம்பெனி இயந்திரம் என்றால் ஒட்டியதற்குச் சிரிக்கிற முகம் காட்டும். அதை போனில் ஒரு படம் பிடித்து வைபரில் அனுப்பு. எவ்வளவு மெதுவான நெட்டிலும் ஒரு படம் போய்விடும். வாரம் ஒரு முறை பக்கவாட்டில் உள்ள எஸ்டி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போடு. ஆஸ்கார் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அது ராத்திரி முழுவதும் நடந்ததை நிமிஷக் கணக்கில் கோடு போட்டுக் காட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. எனக்கு மூன்று மணிக்கு மேல் கசிவு குத்தென்று ஏறியிருந்தது, வாய் திறந்துகொள்கிறது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றால், ராத்திரியில் தொடங்காதே. சாயங்காலம் அவர் டிவி பார்க்கும்போது இருபது நிமிஷம் மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல். முதலில் கையால் பிடித்துக்கொண்டு, பட்டை மாட்டாமல். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் மனசுக்குப் பயம் போய்விடும்.

சித்தப்பா சொல்கிற பழைய இயந்திரம் வேண்டாம். 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் தன் இயந்திரங்களில் பல வகைகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து, காற்றோடு மூச்சுக்குள் போகலாம் என்பது காரணம். அந்த வகை இயந்திரங்கள் கைமாறிக் கைமாறி எங்கே வந்து நிற்கிறது என்று யாருக்குத் தெரியும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் மூச்சு விட்டது என்று தெரியாததை அப்பா முகத்தில் மாட்டாதே.


தேன்மொழி, சிங்கப்பூர் (பூர்வீகம் தட்டோன்)

வள்ளி அக்கா, நான் இங்கே மூச்சுப் பிரிவில் நர்ஸ். முத்து ஐயா நன்றாகச் சொல்லிவிட்டார், நான் உங்கள் அம்மாவின் பயத்துக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

கரண்ட் போனால் முகமூடிக்குள் அப்பாவுக்கு மூச்சு முட்டிப்போகாது. மூக்கு மட்டும் மூடுகிற முகமூடி என்றால் வாய் இருக்கிறது. மூக்கும் வாயும் சேர்ந்து மூடுகிற முகமூடியில், காற்று வருவது நின்றதும் தானாகத் திறந்துகொள்கிற ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை அம்மாவிடம் கையில் கொடுத்துக் காட்டுங்கள். காற்று ஓடும்போது அந்த மடல் மூடியிருக்கும், அணைத்தால் விழுந்து வழிவிடும். அப்பா போட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஒரு தடவை பகலில் அணைத்துக் காட்டுங்கள், அவரும் பார்க்கட்டும். கரண்ட் போனால் நடப்பது இதுதான்: பழைய மூச்சுத் தடை திரும்ப வரும், இல்லாவிட்டால் புழுக்கத்தில் விழித்துக் கழற்றுவார். வைத்தியம் ஒரு ராத்திரி விட்டுப்போகும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே தொடங்குவது சரியா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் சந்தேகம் இருக்கும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வேறு பெரிய நோய் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே ஆட்டோ இயந்திரத்தில் தொடங்கலாம் என்று உறுதியாகவே சொல்லியிருக்கிறது. ஆரம்ப நாட்களில் தூரத்திலிருந்து கணக்கைப் பார்த்து உதவுவதையும் பரிந்துரைத்திருக்கிறது. இதில் "வேறு பெரிய நோய் இல்லாத" என்பதுதான் முக்கியம். அப்பாவுக்கு இதய பலவீனம், பழைய நுரையீரல் நோய், பக்கவாதம் வந்த வரலாறு, தினமும் வலிக்கு ஓபியம் வகை மாத்திரை, இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? வீடியோவில் அரை மணி நேரத்தில் இது விட்டுப்போகலாம். இருந்தால் நேரில் ஒரு ராத்திரி தூக்க ஆய்வகத்தில் படுத்துப் பார்ப்பதுதான் முறை, எவ்வளவு சிரமப்பட்டாலும்.

அந்த 41 என்ன என்பதையும் சொல்கிறேன். பத்து வினாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ, நன்றாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ ஒரு கணக்கு. மணிக்கு 5-க்குக் கீழ் இருந்தால் சரி, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அப்பா ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டை அடைத்து, மூளை எழுப்பிவிட்டுத்தான் மூச்சு விடுகிறார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சிபாப் ஆக்சிஜன் கொடுக்கிற கருவி இல்லை, சாதாரண அறைக் காற்றைத்தான் அழுத்திக் கொடுக்கிறது. அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்து 1981-ல் இதை வெளியிட்டார், இன்றைக்கும் அடிப்படை அதேதான். அப்பா ஆஸ்பத்திரி என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்: மருந்து எதுவும் உள்ளே போகவில்லை, நம் வீட்டுக் காற்றுதான்.

இயந்திரத்தில் காற்றை ஈரமாக்குகிற தண்ணீர்த் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது, மருந்துக் கடையில் கேளுங்கள். பேட்டரிக்கு விற்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், அது மனிதர் மூச்சுக்காகச் செய்யப்பட்டதில்லை. கிடைக்காத நாளில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் அப்படியே கூடாது. காலையில் மிச்சத்தைக் கொட்டிக் காயவையுங்கள், நேற்றைய தண்ணீர் இன்றைக்கு வேண்டாம். முகமூடியைத் தினமும் மிருதுவான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற பெட்டி என்று விற்கிறார்கள், வாங்க வேண்டாம்.

கட்டாயமாக இரண்டு விஷயம். அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். இணையத்தில் அந்த ரகசிய மெனுவைத் திறக்கச் சொல்லித் தருகிறார்கள். சில பேருக்கு அழுத்தம் தொடங்கிய புதிதில் வேறு வகை மூச்சு நிற்றல் வரும், தொண்டை அடைக்காமல் மூளையே மூச்சு விடச் சொல்ல மறப்பது. அப்போது அழுத்தத்தை ஏற்றினால் கூடிவிடும். அதைப் பிரித்துப் பார்க்க டாக்டர் வேண்டும். இன்னொன்று, தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் நிறுத்த வேண்டாம், அளந்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மோட்டார் சைக்கிள் சாவி இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.


சோலார் கணேசன், மாண்டலே

நோய் எனக்குத் தெரியாது, பேட்டரி தெரியும். என் மாமியாருக்கு இந்த இயந்திரம் இருக்கிறது, நானே மீட்டர் வைத்து அளந்தேன்.

அடாப்டரில் 90 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பெரிய பேட்டரி வாங்கிவிடாதீர்கள். கரண்டைக் குடிப்பது காற்றாடி இல்லை, தண்ணீரைச் சூடாக்குகிற தட்டும் சூடான குழாயும்தான். அவற்றை அணைத்து, அழுத்தம் 10 பக்கம் ஓடும்போது மீட்டரில் 10 வாட் அளவுதான் காட்டியது. எட்டு மணி நேரத்துக்கு 80 வாட்-மணி. சூடு போட்டால் நாலைந்து மடங்கு. 12 வோல்ட் 100 ஆம்பியர் பழைய ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 600 வாட்-மணி கிடைக்கும். சூடு இல்லாமல் ஓட்டினால் நாலைந்து ராத்திரிக்குத் தாராளம். லித்தியம் என்றால் இன்னும் சின்னதே போதும், எடையும் குறைவு.

இன்வெர்ட்டர் வைத்தால் அது சும்மா இருக்கும்போதே பத்துப் பதினைந்து வாட் தின்னும், இயந்திரம் குடிக்கிற அளவுக்கு அதுவும் குடிக்கும். முடிந்தால் இயந்திரத்துக்கென்று விற்கிற டிசி கன்வெர்ட்டர் வாங்கி பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். மாடலைப் பார்த்து வாங்க வேண்டும், சிலது 24 வோல்ட், சிலது 12. இன்வெர்ட்டர்தான் என்றால் சுத்தமான சைன் வேவ் வகையாக வாங்குங்கள். கரண்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் குதிக்கும், அதனால் வோல்டேஜைக் காக்கிற சேஃப்கார்டு இல்லாமல் சுவரில் நேராகச் சொருகாதீர்கள்.

நான் செய்திருப்பது: ராத்திரி முழுக்க இயந்திரம் பேட்டரியில்தான். கரண்ட் எப்போது வந்தாலும் பேட்டரி சார்ஜ் ஆகும். கரண்ட் போவதும் வருவதும் மாமியாருக்குத் தெரியாது. தெருவில் "மீ லா ப்யீ", கரண்ட் வந்துவிட்டது, என்று பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு மட்டும் விழிப்பார்.


வள்ளி, மோல்மேன்

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தனாக்கா என்றதும் அம்மா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்பாவுக்கும் சாயங்காலம் அவர்தான் பூசிவிடுவார். தேன்மொழி, அப்பாவுக்கு பிரஷர் மட்டும்தான், டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இதயம் சம்பந்தமாக இ.சி.ஜி.யும் எக்கோவும் இங்கேயே எடுத்து அனுப்பச் சொன்னார், நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

கணேசன் அண்ணா, தண்ணீர் சூடு இல்லாமல் ஓட்டினால் மூக்கு காய்ந்து போகாதா?


முத்து, ரங்கூன்

அதை நான் சொல்கிறேன். மோல்மேன் மழைக்கு அது தேவையே படாது. துணி மூன்று நாளாகக் காயாத ஊரில் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? மழை மாதங்களில் நான் தொட்டியைக் கழற்றியே வைத்துவிடுகிறேன். மார்கழி, தை மாதக் குளிரிலும், சித்திரையில் வருகிற திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வறண்ட வெயிலிலும்தான் மூக்கு எரியும். அப்போது படுக்கும் முன் மூக்கில் உப்புத் தண்ணீர்த் துளி விட்டுக்கொள்வேன், கரண்ட் நன்றாக இருக்கிற ராத்திரிக்குத் தொட்டியை மாட்டுவேன். காலையில் தொண்டை காய்ந்திருக்கிறது, மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கிறது என்றால் டாக்டருக்கு எழுது.


வள்ளி, மோல்மேன்

வணக்கம், 19 நாள் ஆகிறது. நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதல் மூன்று ராத்திரியும் மோசம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அவர்கள் அனுப்பியது மூக்கும் வாயும் மூடுகிற பெரிய முகமூடி. அப்பாவின் மீசைக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சுக்கும் மேலுதட்டுப் பக்கம் புர் புர் என்று கசிந்தது. மீசையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணப் போட்டோவிலிருந்து இருக்கிற மீசை. தினமும் காலையில் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன், கூடவே படுத்த நிலையில் அப்பா முகத்தையும் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பினேன். நாலாவது நாள் டாக்டரே கூப்பிட்டார். பகலில் மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்று வீடியோவில் வாயை மூடச் சொல்லிப் பார்த்தார். முடிகிறது என்றதும், நாசித் துவாரத்தில் மட்டும் உட்காருகிற சின்ன வகையைப் பஸ்ஸில் அனுப்பினார். இரண்டு சிலிக்கான் மொட்டு மாதிரி இருக்கிறது, மீசையைத் தொடவே இல்லை. நெற்றியிலும் எதுவும் இல்லாததால் அப்பா படுக்கும்போது திருநீறு கலைவதில்லை என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி.

அன்று ராத்திரி நாலேகால் மணி நேரம். எட்டாவது நாள் முதல் ஐந்துக்கு மேல். நேற்று 6 மணி 10 நிமிஷம், தடை மணிக்கு 3.4. முதல் வாரம் வயிற்றில் காற்று போய் உப்பசம் இருந்தது, டாக்டர் அதிகபட்ச அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், சரியாகிவிட்டது. பேட்டரி கணேசன் அண்ணா சொன்னபடிதான், டிசி கன்வெர்ட்டர் ரங்கூனிலிருந்து வரவழைத்தோம். நடுவில் ஒரு ராத்திரி வயர் கழன்று இயந்திரம் நின்றது. அப்பா தானே கழற்றி வைத்துவிட்டு, அம்மாவை எழுப்பாமல், விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார். போடாமல் படுக்க இப்போது அவருக்குத்தான் பயம்.

கடையில் மத்தியானம் தூங்குவது நின்றுவிட்டது. நேற்று ஒரு மூட்டைப் பச்சைப்பயறைத் தானே பிரித்து வீசை வீசையாகக் கட்டி வைத்தார். சாவியைக் கேட்டுவிட்டார், இரண்டு தடவை. அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மீதி எல்லாம் நன்றாகவே போகிறது. ஒரே ஒரு சந்தேகம், மூக்கில் வைக்கிற அந்தச் சிலிக்கான் மொட்டை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?


முத்து, ரங்கூன்

வள்ளிம்மா, 3.4 என்று படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு உன் அம்மாவோடு பேச வேண்டுமாம், நம்பரைத் தனியாக அனுப்பு.

மொட்டு சீக்கிரம் தேயும். வாராவாரம் கழுவும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார். புதிதில் தெளிவாக, விரலில் அழுத்தினால் துள்ளி நிற்கும். மங்கி மஞ்சளாகி, அழுத்தினால் அப்படியே மடங்கிக் கிடந்தால் மாற்று. காலைத் திரையில் கசிவு காரணமில்லாமல் ஏறத் தொடங்கினாலும் அதுதான் முதல் சந்தேகம். நாள் கணக்கு டாக்டரிடம் கேள். ஆனால் கையில் எப்போதும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள், பஸ் ஒரு வாரம் ஓடாமல் போகும். எனக்குப் பாங்காக்கிலிருந்து அடுத்த மாதம் ஒரு ஆள் வருகிறார், அப்பாவின் அளவு M-ஆ, L-ஆ என்று சொன்னால் உனக்கும் இரண்டு கொண்டுவரச் சொல்கிறேன்.